காற்றுத் துளையில் ஒரு நல்ல சட்டை

அத்தியாயம் 6

"தரை கருகியிருக்கு. கதவோட கீழ்ப்பாதி கருகியிருக்கு. பக்கெட்டுக்கு அடிப்பக்கமே இல்ல. ஆனா அதுக்கு மேல தொங்குற காகிதக் காலண்டர் மணப்பொண்ணு மாதிரி அப்படியே இருக்கு. இந்தத் தீக்கு உயரம்னா பயம் போலிருக்கு அத்தை" என்றான் மாப்பிள்ளை.

"வாயை மூடிக்கிட்டு அந்தச் சர்க்கரை டப்பாவைப் பாருங்க" என்றாள் அத்தை.

தரையில் இருந்த ஸ்டவ்வுக்கு நேர் மேலே, இடுப்பு உயரத்தில் ஒரு பலகை. அதில் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றுகூட வளையவில்லை.

அத்தை பாதி ஆயுளை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளிலும் கிடங்குகளிலும் கழித்தவள். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். மாப்பிள்ளைதான் உதவியாளன். மகள் அவனை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அத்தை விடவில்லை. 'மாப்பிள்ளை' என்ற மரியாதையும் குறையவில்லை, 'நீங்க' என்பதும் மாறவில்லை, திட்டும்போதுகூட.

அவர்கள் நின்றிருந்தது ஒரு செருப்புப் பட்டறையின் டீ அறை. நேற்று மதியம் இங்கே தீப்பிடித்து, பக்கத்து அறைக்கு ஓடியது. பக்கத்து அறையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து செருப்பின் அடியட்டைக்குப் பசை போடுவார்கள். மணலைக் கொட்டி அணைத்துவிட்டார்கள். டீ போடுகிற அம்மாவுக்கும், பசை அறையில் மூத்தவளான பெரியக்காவுக்கும் காலில் தீக்காயம். இருவரும் ஆஸ்பத்திரியில்.

"இதுல துப்பறிய என்ன மேடம் இருக்கு?" என்றார் பட்டறை முதலாளி. "ஸ்டவ் சரியா பத்தலன்னு பசைத் தண்ணியத் திருடி ஊத்தினேன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் போய்க் கையெழுத்து வாங்கப்போறார். அதோட முடிஞ்சது."

"அவங்க பையன் இன்னும் முடியலன்னு சொல்றாரே" என்றாள் அத்தை.

வெளியே முற்றத்தில் நின்றிருந்தான் அந்தப் பையன். பையன் என்றாலும் முப்பதைத் தாண்டியவன், இதே பட்டறையில் தோல் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவன். காலையில் அத்தையின் வீட்டுக்கு வந்து, கொடுத்த நாற்காலியில் உட்காராமல், "அம்மா செய்யல மேடம். செஞ்சேன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டா ஜெயில். நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றவன் அவன்தான். கூடவே வந்தான். ஆனால் பட்டறைக்குள் காலை வைக்கவில்லை.

"முதலாளி, எரியற ஸ்டவ்ல ஒருத்தர் பசைத் தண்ணிய ஊத்தினா முதல்ல எது எரியும்?" அத்தை கேட்டாள்.

"ஸ்டவ்வு."

"கை எரியும். அப்புறம் மூஞ்சி. புருவம் மிஞ்சாது. நான் காலையில ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நர்ஸ்கிட்ட கேட்டேன். அந்தம்மா கையில ஒரு கொப்புளம் இல்ல. புருவம் அப்படியே இருக்கு. முழங்காலுக்குக் கீழதான் காயம் எல்லாம்."

"காலால ஊத்தியிருப்பாங்களோ என்னவோ" என்றான் மாப்பிள்ளை.

முதலாளி சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரிக்காமல் விட்டார்.

"உங்க டிரம் மேல என்ன எழுதியிருக்கு?"

"பசைத் தண்ணிதான் மேடம். பசை கெட்டியானா இதை ஊத்திக் கலக்குவாங்க. வேலை முடிஞ்சா இதுலயே கையும் கழுவிக்குவாங்க."

"ஹெக்ஸேன்னு எழுதியிருக்கு. பெட்ரோலுக்குப் பங்காளி. நெருப்பு கிட்ட வரணும்னு அவசியமே இல்ல, இது கிளம்பிப் போகும். திறந்து வச்சா ஆவியாகும். அந்த ஆவி காத்தை விட மூணு மடங்கு கனம். மேல ஏறாது. தண்ணி மாதிரி தரையில ஓடும், பள்ளம் தேடும், கதவு இடுக்குல நுழையும். கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கொஞ்ச நேரத்துல மூக்குக்குப் பழகிடும். எங்கயோ ஒரு நெருப்பைத் தொட்டதும் வந்த வழியே திரும்பி ஓடும்."

"சத்தமில்லாம வந்து உட்காரும், கிளம்பும்போது வீட்டைக் கொளுத்திட்டுப் போகும்" என்றான் மாப்பிள்ளை. "எங்க பெரிய மாமா."

முதலாளி நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு என்று அத்தையிடம் ஒரு வழி உண்டு. முற்றத்தில் நீளமான அட்டை ஒன்றை வாய்க்கால் மாதிரி மடித்து, ஒரு முனையைப் பெட்டி மேல் சாய்த்தாள். மறுமுனை தரையில். தரை முனையில் ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் மணல் வாளி.

"மாப்பிள்ளை, மேல் முனையைப் பிடிங்க."

"என் பொண்டாட்டி போனதுக்கு நீங்க இவ்வளவு கோபப்படக் கூடாது அத்தை."

கடைசியில் ஒரு சுத்தியலை வைத்து அழுத்திவிட்டு, ஒரு கந்தையில் ஒரு கரண்டி பசைத் தண்ணியை நனைத்து மேல் முனையில் போட்டாள். எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மெழுகுவத்தியின் சுடர் கொஞ்சம் பருத்தது, நீல நிறமாக ஒன்று அட்டை வழியே சரசரவென்று மேலே ஏறியது, கந்தை பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை மணலைக் கொட்டினான். கொஞ்சம் தன் கால் மேலும் கொட்டிக்கொண்டான்.

முதலாளி திறந்த வாயை மூடினார்.

"பசை அறையில பசைத் தண்ணி வச்ச தட்டு எல்லாம் திறந்து கிடந்திருக்கு. டீ அறை ஒரு படி கீழ இருக்கு. ஆவி கதவுக்கு அடியில இறங்கி வந்து தரையில தேங்கியிருக்கு. அந்தம்மா டீக்கு ஸ்டவ்வைப் பத்த வச்சிருக்காங்க. அவ்வளவுதான். எதையும் திருடல, எதையும் ஊத்தல."

வெட்டு மிஷின்காரன் பெருமூச்சு விட்டான். "அப்ப அம்மா மேல தப்பில்ல. இதைச் சொன்னா போதும் மேடம். போலாமா?"

"இருங்க" என்றாள் அத்தை. "இத்தனை வருஷமா தட்டு திறந்துதான் கிடந்திருக்கு. ஸ்டவ்வும் தினம் எரிஞ்சிருக்கு. நேத்து மட்டும் ஏன்?"

அவன் முகத்தில் வந்த நிம்மதி, உட்கார இடமில்லாத விருந்தாளி மாதிரி அப்படியே திரும்பிப் போனது. அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

பசை அறையில் கருகிய வாடை. ஒரு சுவரில் வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் பெண்களின் வேலை அங்கிகள். எதிர்ச் சுவரில், தரையோடு தரையாக, ஒரு செங்கல் அகலத்துக்கு நீளமான காற்றுத் துளை. கனமான ஆவி வெளியேற அதுதான் வழி என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

துளை அடைபட்டிருந்தது.

"பாருங்க மேடம், பொம்பளைங்க புத்தி!" முதலாளிக்கு உயிர் வந்துவிட்டது. "காத்து வர்ற வழியத் துணியை வச்சு அடைச்சிருக்காங்க!"

"இந்த அங்கியெல்லாம் எங்க மாத்திக்குவாங்க?"

"இங்கதான்."

"தனி அறை?"

"இருக்கிற இடத்துல சமாளிச்சுக்குவாங்க மேடம்."

அத்தை துளையருகே போனாள். குனிந்து துணியை மெல்ல வெளியே இழுத்தாள். உள்பக்கம் கருகிப்போன ஒரு சட்டை. துளையின் வெளிப்பக்கம் இருந்த பாதி நன்றாகவே இருந்தது. ஆண் சட்டை. பொத்தான் ஒன்றும் குறையவில்லை. காலர் நைந்துபோகவில்லை. இஸ்திரி மடிப்புகூடத் தெரிந்தது.

"மாப்பிள்ளை, செருப்புப் பட்டறையில ஒரு ஓட்டையை அடைக்கணும். எதை எடுப்பீங்க?"

மாப்பிள்ளை மூலையில் பார்த்தான். வெட்டி மிஞ்சிய துணி, தோல், ரெக்ஸின் எல்லாம் அவன் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. "இதை எடுப்பேன். நல்ல சட்டையை எடுக்க மாட்டேன். என்கிட்ட இருக்கிறதே ரெண்டு. ரெண்டும் உங்க பொண்ணு எடுத்துக் கொடுத்தது."

"எலிக்குப் பயந்து அடைச்சா கந்தை போதும். கையில கிடைச்சதைத் திணிச்சா கசங்கியிருக்கும். இதை மடிச்சு வச்சிருக்காங்க. பாக்கெட்டும் காலரும் வெளியே தெரியற மாதிரி."

"உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாத பக்கமா?"

"ஆமா. வெளியே இருக்கிறவனுக்குத் தெரியற பக்கமா."

பட்டறையைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். துளைக்கு வெளியே ஒரு சந்து. ஒரு முனையில் வெட்டு மிஷின் அறையின் பின்வாசல், மறுமுனை சுவர். அந்த வழியாக யாரும் எங்கும் போக முடியாது. போகவேண்டிய வேலையும் இல்லை. ஆனால் துளைக்கு முன்னால் புல் முளைக்கவில்லை. அட்டைப் பெட்டி ஒன்று தட்டையாக விரித்துப் போடப்பட்டிருந்தது, முழங்கை படுகிற இடத்தில் பள்ளம் விழுந்து.

"படுங்க மாப்பிள்ளை."

"சம்பளத்துல இது சேர்ந்ததா?" என்று கேட்டுக்கொண்டே மாப்பிள்ளை அட்டை மேல் குப்புறப் படுத்தான். துளை வழியே பார்த்தான்.

நேர் எதிரே கொக்கிகள். அங்கிகள். தரையிலிருந்து மேல்வரை எதுவும் மறைக்கவில்லை.

அவன் எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். மண் போன பிறகும் தட்டினான். வெறும் அங்கிகளைத்தான் பார்த்தான். ஆனாலும் காது சூடாகிவிட்டது.

"முதலாளி, இந்தச் சட்டை யாரோடதுன்னு தெரியுமா?" அத்தை சட்டையை விரித்துக் காட்டினாள்.

"தெரியலையே மேடம். யாரோடது? ஏன் இங்க வச்சாங்க?"

அத்தை தலையசைத்தாள். முதலாளிக்கு இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. மாப்பிள்ளைக்கு வாய் திறந்தாலே கேள்விதான். சந்தின் முனையில் நின்றிருந்தவனுக்கு மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. அவன் சட்டையைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாப்பிள்ளை வண்டியை ஓட்டினான். அத்தை முன்னால், வெட்டு மிஷின்காரன் பின்னால். அத்தை திரும்பாமலே கேட்டாள்.

"சட்டை எப்ப காணாமப் போச்சு?"

"போன வாரம்." குரல் உள்ளே எங்கோ இருந்து வந்தது. "அம்மாகிட்ட கேட்டேன். பார்த்துக்கோ, எங்கயாவது கிடைக்கும்னாங்க."

"கிடைச்சுதா?"

"மறுநாள் கிடைச்சுது. அங்க போய்ப் படுத்தப்ப."

மாப்பிள்ளை கண்ணாடியைத் திருப்பிவைத்தான். பின்னால் இருப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

"அப்புறம் அம்மாகிட்ட பேசுனீங்களா?"

"இல்ல. அவங்களும் பேசல. சாப்பாடு போடுவாங்க. சாப்பிடுவேன். எழுந்து போயிடுவேன்."

"அந்தத் துணியை எடுத்துடணும்னு தோணலையா?"

"எடுத்தா நான் பார்த்துட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும் மேடம்."

"நல்லா இருக்கு. நீங்க பார்த்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரியக் கூடாது. அதுக்காக ஒரு அறை நிறைய பெண்கள் ஒரு வாரம் அந்த ஆவிக்குள்ள உட்கார்ந்திருக்காங்க. நேத்துதான் அது ஸ்டவ் வரைக்கும் எட்டியிருக்கு. எரிஞ்சதும் உங்கம்மா யோசிச்சிருக்காங்க. தீ எப்படி வந்துதுன்னு கேட்டா துளையைப் பார்ப்பாங்க. துளையைப் பார்த்தா சட்டையைப் பார்ப்பாங்க. நான்தான் ஊத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் எதையும் பார்க்க மாட்டாங்க."

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? தீ எப்படி வந்துதுன்னு மட்டும் சொல்லிட்டு, ஏன் வந்துதுன்னு தெரியாமலே போயிடுவேன்னா? இல்ல, உங்க வாயால சொல்லவேண்டியதை நான் சொல்லிடுவேன்னா?"

"ரெண்டும்தான்" என்றான்.

"ரெண்டாவது நடக்காது. தீயைப் பத்தி நான் சொல்றேன். மத்தது உங்களோடது."

வார்டில் கட்டில்கள் நெருக்கமாக இருந்தன. டீ அம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிறிய உருவம், சுத்தமாக வாரிய தலை. இரண்டு கால்களிலும் கட்டு. பக்கத்துக் கட்டிலில் பெரியக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளுடைய கால்கள் மேல் துணி படாமல் கம்பி வளையம் வைத்திருந்தார்கள். அந்தப் பசைத் தண்ணியிலேயே வருஷக்கணக்காகக் கை கழுவி, அந்த ஆவியிலேயே உட்கார்ந்து, அவளுக்குப் பாதம் எப்போதோ மரத்துப்போயிருந்தது. தீப்பிடித்தது அவளுக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது என்று நர்ஸ் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். அத்தை அவரிடம் சுருக்கமாகச் சொன்னாள். காலண்டர், சர்க்கரை டப்பா, புருவம், அட்டை வாய்க்கால். அவர் கெட்டிக்காரர்தான், பேனாவை மூடிவிட்டார்.

"அப்ப ஆவி வெளிய போகாம உள்ளேயே நின்னது எதனால?"

"நான்தான்யா அடைச்சேன்" என்றாள் டீ அம்மா சட்டென்று. "எலி வந்துது. துணியைத் திணிச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன். அதையே எழுதிக்கோங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறேன். கொடுங்க."

"அது எப்படிம்மா, முதல்ல ஊத்தினேன்னு சொன்னீங்க, இப்ப அடைச்சேன்னு சொல்றீங்க..."

"எதுவா இருந்தா என்னய்யா? நான்தான். வேற யாரும் இல்ல." அவள் பேனாவுக்காகக் கையை நீட்டினாள். அத்தையைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது. "இவங்களை யார் கூப்பிட்டது? எனக்கு யாரும் வேண்டாம். டேய், இவங்களைக் கூட்டிட்டுப் போடா."

வெட்டு மிஷின்காரன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா எலிக்கு அடைக்கல சார்" என்றான்.

"டேய். வாயை மூடு."

"எனக்கு அடைச்சாங்க." நிறுத்தினான். "அவங்க துணி மாத்தறப்ப நான் வெளிய இருந்து பார்ப்பேன். ரொம்ப நாளா. அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் சட்டையை எடுத்து வச்சு அடைச்சாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

யாரோ ஒருவரின் தட்டில் கரண்டி விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தன் ஷூவைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தான். அத்தை மட்டும் அவனைப் பார்த்தாள். யாராவது ஒருவர் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அவன் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினான். "பெரியக்கா..."

"அக்கான்னு கூப்பிடாதே." பெரியக்கா கண்ணைத் திறக்கவில்லை. விழித்துத்தான் இருந்திருக்கிறாள். "என்ன சொல்ல வந்தே? அது நீதான்னா? இடது பக்கம் சாஞ்சு தேஞ்ச குதி, வலது வாருல ரெண்டாம் தையல். அந்தச் செருப்புக்குப் பசை போட்டதே நான். துளை வழியா அந்தக் காலு தெரியும். வெளிய நின்னுட்டுப் போறவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க செருப்புப் பண்றவங்கடா. மூஞ்சியை மறந்தாலும் மறப்போம்."

டீ அம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்."

"சட்டை?"

"அதுவும் தெரியும். நீ அதை வச்ச அன்னிக்கே தெரியும். தலைவலி தாங்கல. ஒருத்தி வாந்தி எடுத்தா. அதை உருவிப் போடுங்கடின்னு ஒருத்தி சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். உருவினா நீ என்னன்னு கேப்பே. நாங்க என்னன்னு சொல்றது?" பெரியக்கா இப்போது கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். "உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எங்களால முடியல. அவ்வளவுதான்."

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். முதலாளியையும் வரச்சொல்ல வேண்டும், தனி அறை இல்லாதது, திறந்த தட்டு எல்லாம் எழுத வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். வெட்டு மிஷின்காரனைப் பார்த்து "வா" என்றார். அவன் தாயின் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான், அடுத்த அடியை வைக்காமல் சப்-இன்ஸ்பெக்டர் பின்னால் போனான். டீ அம்மா அவன் போவதைப் பார்க்கவில்லை.

அத்தையும் மாப்பிள்ளையும் கதவருகே வந்துவிட்டார்கள். பின்னால் டீ அம்மாவின் குரல் கேட்டது. போலீஸிடம் பேசிய உறுதி அதில் இல்லை.

"அக்கா, எல்லாம் தெரிஞ்சும் ஒரு வாரமா என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களா?"

"குடிக்கலன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே" என்றாள் பெரியக்கா.

டீ அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஏதோ சொல்லப்போவது போல அத்தையைப் பார்த்தான். சொல்லாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.